முப்பத்தொரு மேற்கோள்கள்

முதலில் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு முன் ஒரு துணுக்குக்கூட எழுதி அனுப்பியிராத கை இது. தேர்ந்தவர்கள் எழுதும் பக்கத்தில் இடம் கேட்பது மிகை என்பது தெரியும். போதாததற்கு ஆய்வுக் கட்டுரை, அட்டவணை, மேற்கோள் என்று கொட்டாவி வரவழைக்கும் சொற்கள் வேறு இதில் அடிக்கடி வருகின்றன. என்றாலும் வேதா என்ற பெண்மணிக்கு நேர்ந்ததை யாரேனும் ஒருவர் எழுதி வைக்கத்தான் வேண்டும் என்று தோன்றியது. வேறு யாரும் முன்வரவில்லை. குறைகளைப் பொறுத்தருளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

1984ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று தில்லியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

அருணை சமூக ஆய்வு நிலையம், திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்று முன்பாக ஓர் ஓட்டு வீட்டில் இருந்தது. முன் அறையில் இயக்குநர் கோதண்டராமன். நடு அறையில் நூலகமும், நூலகரும் தட்டச்சருமான வேதாவின் மேசையும். பின்கட்டில், ஒரு காலத்தில் சமையலறையாக இருந்த இடத்தில், இருசப்பனும் படியெடுக்கும் அவருடைய சைக்ளோஸ்டைல் இயந்திரமும். இவர்களைத் தவிர ஊர் ஊராகச் சென்று வீடு வீடாக விவரம் சேகரிக்கும் ஆய்வாளர்கள் மூவர். மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் யாருக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளை எந்த வகுப்போடு நின்றது, எந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போயிற்று என்பதையெல்லாம் கேட்டெழுதி, கூட்டிக் கழித்து, கட்டுரையாக்கி வெளியிடுவதுதான் அவர்கள் வேலை. பலகையில் ‘ஆய்வு’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ரத்தம் பார்க்கும் இடம் போலும் என்று மருத்துவர் சீட்டோடு வந்து நின்றவர்களும் உண்டு. இருசப்பன் அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார்.

கடிதத்தைக் கோதண்டராமன் இரண்டு முறை படித்தார். நிலையத்துக்கு ஆண்டுதோறும் மானியம் தந்துவந்த குழு அதை எழுதியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் நிலையம் வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியலும், அவற்றைப் பிற அறிஞர்கள் தங்கள் எழுத்தில் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் மூன்று மாதத்துக்குள் வேண்டும். எண்ணிக்கை இருபத்தைந்துக்குக் குறைந்தால் மானியம் தொடராது.

“இன்னா சார் கேக்கறாங்க தில்லிக்காரங்க?” என்றார் இருசப்பன், கையில் ஒட்டிய மையைத் துணியில் துடைத்துக்கொண்டே.

“நாம சொன்னத மத்தவங்க எத்தன தடவ எடுத்துச் சொல்லியிருக்காங்கன்னு கேக்கறாங்க.”

“நல்ல விதமாவா, கெட்ட விதமாவா?”

“அத கேக்கல இருசப்பா. எத்தன தடவன்றதுதான் கேள்வி.”

“அப்ப கவல வுடுங்க. எம் மாமியா என்னப் பத்திச் சொன்னத எண்ணினா மட்டுமே எரநூறு தேறும்.”

வேதா சிரித்தாள். அவளுக்கும் கவலை இல்லை. நாற்பத்தொரு கட்டுரைகள் வெளியாகியிருந்தன. ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது படிகள் எடுத்து நாடெங்கும் உள்ள நூலகங்களுக்கும் பேராசிரியர்களுக்கும் அஞ்சலில் அனுப்பியவள் அவள்தான். ‘மிகப் பயனுள்ள கட்டுரை, அடுத்ததை எதிர்பார்க்கிறேன்’ என்று வந்த அட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. குறைந்தது நூறு மேற்கோளாவது வரும் என்று அவள் நினைத்தாள். நூற்றைம்பது வந்தால் அடுத்த ஆண்டு இன்னோர் ஆய்வாளரை எடுத்துக்கொள்ளலாம் என்று கோதண்டராமன் சொன்னார்.

எண்ணுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. சென்னைக்குப் போய், பெரிய நூலகத்தில் உட்கார்ந்து, பன்னிரண்டு ஆண்டு ஆய்வுச் சஞ்சிகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புப் பட்டியலைப் படிக்க வேண்டும். மாசி பிறந்ததும் வேதா புறப்பட்டாள். சைதாப்பேட்டையில் தங்கை சரோஜா வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் காலையில் போய்விடுவாள்.

முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் நண்பகலில், புனேயில் இருக்கும் ஒரு பேராசிரியரின் கட்டுரையைப் படித்துக்கொண்டு வந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வரிசையும் அந்த வாதமும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை. ஏரி வற்றிய ஊர்களில் பிள்ளைகள் எந்த மாதத்தில் பள்ளியை விட்டு நிற்கிறார்கள் என்பதைப் பற்றி நிலையம் வெளியிட்ட பதினேழாம் கட்டுரையின் போக்கு அப்படியே இருந்தது. ஆவலோடு கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினாள். நாற்பத்தாறு குறிப்புகள். நிலையத்தின் பெயர் அவற்றில் இல்லை.

திருட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். கோபத்தோடு நூலக மேசையில் இருந்த ஜோதியம்மாளிடம் போய், திருவண்ணாமலை நிலையத்தின் கட்டுரைகள் இங்கே இருக்கின்றனவா என்று கேட்டாள். அவை நீலத் துணி அட்டை போட்டுக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஓரங்கள் கறுத்து, பல பேர் புரட்டிய தடம் தெரிந்தது.

“இத நெறைய பேர் கேட்டு வாங்கிப் படிப்பாங்கம்மா,” என்றார் ஜோதியம்மாள். “ஆனா பேர் போட முடியாதுன்னு வருத்தப்படுவாங்க.”

“ஏன் முடியாது?”

“நீங்களே பாருங்களேன். ஒவ்வொண்ணுலயும் முத்திர குத்தி இருக்கு. பசங்க வந்து, போடலாமாம்மான்னு கேட்டா நான்தான் வேணாம்பேன். எழுதினவங்களே கூடாதுன்னு சொல்றப்ப நாம மீறக் கூடாதில்ல?”

முதல் இரண்டைத் தவிர ஒவ்வொரு கட்டுரையின் முகப்பிலும், ஊதா மையில், சற்றும் கோணாமல் குத்தியிருந்தது: ‘முதல் வரைவு. களத்தில் மறுபடி சரிபார்க்கப்படும் வரை மேற்கோள் காட்டலாகாது.’ பத்து ஆண்டுகளாக ஒரு படி விடாமல் அதைக் குத்தியவள் வேதாதான். குத்திக் குத்தி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிப்பதையே எப்போதோ விட்டிருந்தாள்.

அந்த முத்திரை வந்த விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்.

வேதா வேலைக்குச் சேர்ந்தது 1973இல். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. மறு ஆண்டு நிலையத்தின் இரண்டாம் கட்டுரை தயாரானது. முதலாவது வெறும் அறிமுக அறிக்கை. ஆகவே ஆய்வு என்று சொல்லத்தக்கது அதுதான். மலை சுற்றும் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில், நிலமில்லாத தொண்ணூற்றிரண்டு குடும்பங்களுக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்ற கணக்கு. ஆண்களுக்கு 204 நாள். பெண்களுக்கு 118 நாள். கோதண்டராமன் அப்போது மஞ்சள் காமாலையோடு வேலூர் மருத்துவமனையில் இருந்தார். வேதா படியெடுப்பதற்கான ஸ்டென்சில் தாளில் தட்டச்சு அடித்தாள். அடிக்கும்போது, அட்டவணையில் ஆண் என்ற தலைப்பைப் பெண்களின் பத்தி மேலும், பெண் என்ற தலைப்பை ஆண்களின் பத்தி மேலும் வைத்துவிட்டாள். சரிபார்க்க ஆள் இல்லை. இருசப்பன் ஓட்டினார். நூற்றைம்பது படிகளும் அஞ்சலில் போய்விட்டன.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. பஞ்ச நிவாரணத்துக்காக ஏரி தூர் வாரும் வேலையை எந்தெந்த ஊருக்குக் கொடுப்பது என்று பங்கிட்ட அதிகாரி ஒருவரின் கையில் அந்தக் கட்டுரை கிடைத்தது. அடி அண்ணாமலைப் பெண்களுக்குத்தான் ஏற்கெனவே இருநூறு நாளுக்கு மேல் வேலை இருக்கிறதே என்று அந்த ஊரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து வெள்ளையம்மாள் என்ற நடவுக்காரப் பெண் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொன்னவள் அவள்.

“எங்களுக்கு எரநூறு நாளு வேல கீதுன்னு எழுதிக் குடுத்தீங்களாமே. அது எந்தக் கொல்லி கழனியில கீதுன்னு சொன்னா நாளைக்கே போயிடுவோம். இம்மாம் நாளா தெரியாம வூட்டுல குந்திக்கினு இருந்துட்டோம்.”

அந்தக் கோடையில் பதினொரு குடும்பங்கள் பெங்களூருக்குக் கல் சுமக்கப் போயின.

உடம்பு தேறித் திரும்பியிருந்த கோதண்டராமன், இது தெரியவந்ததும், அவளை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. திருத்தச் சீட்டு அச்சடித்து நூற்றைம்பது பேருக்கும் அனுப்பச் சொன்னார். பிறகு தேரடித் தெருவில் முத்திரை செய்பவரிடம் போய் அந்த வாசகத்தைச் செய்து வாங்கிவந்தார். இனி எந்தக் கட்டுரையும் அந்தந்த ஊருக்கே திரும்பப் போய், சொன்னவர்கள் எதிரில் வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் வரைவு என்ற நிலையைக் கடக்கும் என்றார். நல்ல விதிதான். ஆனால் மூன்று ஆய்வாளர்களை வைத்துக்கொண்டு புது ஊர்களுக்குப் போவதா, பழைய ஊர்களுக்குத் திரும்புவதா? அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று தள்ளித் தள்ளி, முப்பத்தொன்பது கட்டுரைகள் வரைவாகவே நின்றுபோயின. பேராசிரியர்கள் நேர்மையானவர்கள். சொன்ன சொல்லை மதித்தார்கள்.

நான்காம் நாள் வேதாவுக்கு முதல் மேற்கோள் கிடைத்தது. அடுத்த நாள் மூன்று. அதற்கடுத்த நாள் ஆறு. ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதிக்கொண்டாள். பதினோராம் நாள் எண்ணிப் பார்த்தபோது முப்பத்தொன்று இருந்தன. முப்பத்தொன்றும் இரண்டாம் கட்டுரையைக் காட்டியவை. முத்திரை இல்லாத ஆய்வு அது ஒன்றுதானே. திருத்தச் சீட்டை எந்த நூலகமும் ஒட்டி வைக்கவில்லை. அதைவிட, தப்பாக இருந்ததுதான் அதற்குச் சிறப்பாகப் போயிற்று. ‘ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதியாக வேலை கிடைக்கும் வியப்பான ஒரு கிராமம்’ என்று ஒருவர் எழுதினார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். ஒருவர் அதற்குக் காரணம்கூடக் கண்டுபிடித்திருந்தார்: மலை சுற்ற வரும் யாத்திரிகர்களால் பெண்களுக்குத் தொழில் பெருகியிருக்கிறதாம்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில், திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரைக்கும், அவள் அந்த அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். தில்லிப் படிவத்தில் எண்ணுக்கு மட்டுந்தான் கட்டம் இருந்தது. எந்தக் கட்டுரை என்று எழுத இடம் இல்லை. முப்பத்தொன்று என்று எழுதினால் நிலையம் பிழைக்கும். பிழைத்தால் பழைய ஊர்களுக்குத் திரும்பிப் போகலாம், சரிபார்க்கலாம், மற்ற முப்பத்தொன்பதையும் உலகம் அறியச் செய்யலாம். எழுதாவிட்டால் ஒன்றும் இல்லை. கீழ்பென்னாத்தூர் தாண்டி மலை தெரிந்தபோது அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள்.

“எத்தனம்மா?” என்றார் கோதண்டராமன், அவள் பையைக் கீழே வைப்பதற்குள்.

“முப்பத்தொண்ணு சார்.”

“நூறு வரும்னு நெனச்சோம். சரி, இருபத்தஞ்ச தாண்டிடுச்சில்ல. அது போதும்.”

“கம்மிதான் சார். முத்திரையாலதான் கம்மி.” ஜோதியம்மாள் சொன்னதை அவரிடம் சொன்னாள். அவர் முகம் வெளிறிவிட்டது. தான் நல்லதென்று செய்தது இப்படி முடியும் என்று அவர் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு, முப்பத்தொன்றும் எவை என்பதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. அவள் எண்ணினால் சரியாக இருக்கும் என்று பத்து ஆண்டுகளாக நம்பிப் பழகியவர். படிவத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டார்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. கட்டுரைகளைப் பெற்ற அறிஞர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதினார்: எங்கள் ஆய்வை நீங்கள் பயன்படுத்தியதுண்டா, தயவுசெய்து தெரிவியுங்கள். பங்குனி முடிவதற்குள் முப்பத்தேழு பதில்கள் வந்தன. அவற்றில் இருபத்தொன்பது பேர், பயன்படுத்தினோம், உங்கள் வேண்டுகோளை மதித்தே பெயர் குறிப்பிடவில்லை என்று எழுதியிருந்தார்கள். புனே பேராசிரியர் தம் கட்டுரையின் பாதி உங்களுடையதுதான் என்றே எழுதிவிட்டார். கோதண்டராமன் அவற்றைத் துளையிட்டு ஒரு கோப்பில் சேர்த்து, தினமும் ஒரு முறை எடுத்துப் படித்தார்.

வைகாசியில் குழுவினர் மூவர் நேரில் வந்தார்கள். காலையில் பெரிய கோயிலில் தரிசனம் முடித்து, நெற்றியில் திருநீறோடு பதினொரு மணிக்கு நிலையத்துக்கு வந்தார்கள். அவர்களின் தலைவர் கும்பகோணத்துக்காரர். முப்பது ஆண்டு தில்லியில் இருந்தவர். மரியாதையானவர். இருசப்பன் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“உங்க நிலையத்தப் பத்தி எங்களுக்கு எந்தக் குறையும் இல்ல,” என்றார் தலைவர். “முப்பத்தொரு மேற்கோள். சின்ன ஊர்ல இருந்துக்கிட்டு இது பெரிய விஷயம். தொடரலாம்னுதான் எழுதப் போறோம். அறிக்கையில ஒரு வரி சேக்கணும், அவ்வளவுதான். அதிகமா எடுத்தாளப்பட்ட கட்டுரை எது?”

கோதண்டராமன் புன்னகையோடு வேதாவின் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்கம்மா.”

வேறு ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். பதினேழு என்று சொல்லியிருந்தால் யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் எதிரில் அவளால் இன்னொரு பொய்யைச் சொல்ல முடியவில்லை.

“ரெண்டாவது சார்.”

“அது எத்தனை?”

“எல்லாமே அதுதான்.”

கோதண்டராமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலைவர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, அந்தக் கட்டுரை தப்பு. ஆம்பளைங்க கணக்கு பொம்பளைங்க பேர்ல போயிடுச்சி. திருத்தம் அனுப்பினோம், யாரும் பாக்கல. தயவு பண்ணி அத எண்ணாதீங்க.”

“டைப் அடிச்சது நான்தான் சார்,” என்றாள் வேதா. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தலைவர் சங்கடத்தோடு நெற்றியைத் தடவினார். விரலில் திருநீறு ஒட்டிக்கொண்டது. “மிஸ்டர் கோதண்டராமன், கொஞ்சம் யோசிங்க. எங்க படிவத்துல எத்தன தடவைன்னுதான் கேள்வி. சரியா தப்பான்னு கட்டமே இல்ல. நீங்க இப்ப சொன்னத நாங்க கேக்கலன்னு வெச்சுக்கலாம்.”

“அது முடியாதுங்க.”

“முடியாதுன்னா எண்ணிக்க பூஜ்யம் ஆயிடும்.”

கோதண்டராமன் எழுந்து போய்க் கோப்பை எடுத்துவந்து அவர் முன் விரித்து வைத்தார். “இருபத்தொம்பது பேர் ஒத்துக்கிட்டு எழுதியிருக்காங்க. இதப் பாருங்க. இத எண்ணுங்க.”

மூவரும் கடிதங்களைப் பொறுமையாகப் படித்தார்கள். ஒருவர் ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு மற்றவரிடம் காட்டித் தலையசைத்தார். கடைசியில் தலைவர் கோப்பை மூடி, இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.

“இதெல்லாம் உண்மைதான். எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அச்சுல இல்லியே.”

“அப்ப ஒண்ணு மட்டும் செய்யுங்க. அந்த ரெண்டாம் கட்டுரை தப்புன்னு உங்க அறிக்கையில ஒரு வரி போடுங்க. உங்க அறிக்கை எல்லா எடத்துக்கும் போகும். எடுத்து எழுதறவங்க நிறுத்திக்குவாங்க.”

“அதுக்கு எங்க படிவத்துல எடமில்லீங்க,” என்றார் தலைவர். அவர் சொன்ன விதத்தில் வருத்தம் இருந்தது. மூவரும் கைகூப்பி விடைபெற்றார்கள். மாலையில் ஆசிரமத்தைப் பார்த்துவிட்டு இரவு வண்டியில் புறப்படுவதாகச் சொன்னார்கள்.

அவர்கள் போன பிறகு வேதா எழுந்திருக்கவில்லை. கோதண்டராமன் மோர்த் தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். அது அவர் வேலையே இல்லை.

“ஏம்மா எங்கிட்ட மொதல்லயே சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க போட விட்டிருக்க மாட்டீங்க சார்.”

“ஆமா, விட்டிருக்க மாட்டேன்,” என்றார். தட்டை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்பி நின்றார். “இப்ப என்னன்னா, நான் வாயத் தெறக்காம இருந்திருக்கலாமோன்னு தோணுது. நீங்க என்ன நெனைக்கறீங்க?”

வேதா மேசையில் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருசப்பனோடு அடி அண்ணாமலைக்குப் போனாள். இருசப்பனுக்கு அதுதான் சொந்த ஊர். வெள்ளையம்மாள் வீட்டு வாசலில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பெங்களூருக்குப் போன பதினொரு குடும்பங்களில் அவளுடைய மகன் குடும்பமும் ஒன்று. அந்த மகன் குடும்பம் திரும்பி வரவில்லை. வேதா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். அந்தத் தப்பான கணக்கை வைத்துப் பிழைத்துக்கொள்ள வழி இருந்தும் இயக்குநர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதையும் சொன்னாள். அதை இந்த ஒருத்தியாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

வெள்ளையம்மாள் கை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப அந்த ஏரி வேலைய இப்பக் குடுப்பாங்களாமா?”

“இல்லம்மா. அது பத்து வருஷம் ஆச்சே.”

“எங்க கணக்கு தப்புன்னு எங்கனா எழுதிக்கினாங்களா?”

“இல்லம்மா. எழுத முடியாதுன்னுட்டாங்க.”

“பின்ன எதுக்குமா கெடுத்துக்கினீங்க? ஆறு பேரு சோத்த.” இருசப்பனை நிமிர்ந்து பார்த்தாள். “ஏண்டா இருசா, நீயும் அங்கதான இருந்த? நீயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“நான் மெஷின் ஓட்றவன் அத்த. எங்கிட்ட யாரு கேட்டா?”

“உன்ன எவன் கேப்பான். மோரு குடுக்க மட்டும் கூப்புடுவாங்க,” என்று சொல்லிவிட்டு, ஆய்ந்த கடலையில் ஒரு கை அள்ளி வேதாவிடம் நீட்டினாள். வாங்காமல் இருக்க முடியவில்லை. வேதா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மானியம் நின்றுபோக, நிலையம் 1985 மார்ச் முப்பத்தொன்றாம் நாள் மூடப்பட்டது. வீட்டுக்காரர் அதை விடுதியாக்கினார். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவர்கள் இப்போது அங்கே தங்குகிறார்கள். கதை என்று சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. இழந்தவற்றை மட்டும், தெரிந்த வரையில், எழுதி முடித்துக்கொள்கிறேன்.

ஆறு பேருக்கு வேலை போயிற்று. ஆய்வாளர்களில் இருவருக்கு வேறு வேலை கிடைத்தது; அப்பாசாமி என்பவருக்குக் கிடைக்கவில்லை. இருசப்பனின் இயந்திரம் ஏலத்தில் போயிற்று; அவர் பேருந்து நிலையத்தருகே ஒரு லாட்ஜில் காவலராக இருக்கிறார். முப்பத்தொன்பது கட்டுரைகள் வரைவாகவே நின்றன. பதினெட்டு ஊர்களில், ஆயிரத்து எண்ணூற்று அறுபது வீடுகளில் கேட்டெழுதிய படிவங்கள் ஒரு பள்ளிக்கூடத்துப் பின்னறையில் வைக்கப்பட்டு, 1985 ஐப்பசி மழையில் நனைந்தன. நானூற்றுச் சொச்சம் தவிர மற்றவை படிக்கும் நிலையில் இல்லை. இரண்டாம் கட்டுரையை அதன் பிறகும் நான்கு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். பெங்களூருக்குப் போன பதினொரு குடும்பங்களில் ஏழு திரும்பின, நான்கு திரும்பவில்லை. கோதண்டராமன் 1987 ஆவணியில் காலமானார். வேதா செய்யாற்றில் ஒரு தனியார் பள்ளியில் நூலகராக இருக்கிறாள்; அங்கே இருநூற்றுப் பத்துப் புத்தகங்கள் இருக்கின்றன.